இதயத்தின் வாயிற்காவலர்



35 ஆண்டுகளுக்கு முன், கோவைக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் உடலியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இதயம் ஒரு பம்பு" என்றேன். கிணற்று மோட்டாரைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அஃது எளிதில் விளங்கிற்று. ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "மோட்டாருக்கு நாம் சுவிட்சைப் போடுகிறோம், ஐயா. நாய் துரத்தினால் இதயம் படபடக்கிறதே, அதற்குச் சுவிட்சைப் போடுவது யார்?" என்றான். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன்.

சென்ற ஆண்டு மருதமலைப் படிகளில் ஏறுகையில் என் நெஞ்சு ஓயாமல் படபடத்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, நாள்தோறும் உண்ண ஒரு சிறு மாத்திரை தந்தார், படபடப்பு அடங்கிற்று. அச்சிறுவனுக்கு நான் சொல்லாது விட்ட விடை அம்மாத்திரைக்குள் இருந்தது.

நாம் அஞ்சும்போது அட்ரினலின் என்னும் பொருள் குருதியில் கலந்து இதயத்தை அடைகிறது. ஆனால் அது தன் செய்தியைச் சொல்ல இதய உயிரணுவின் உள்ளே நுழைவதில்லை. உயிரணுவைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் பலவகைப் புரதங்கள் பதிந்துள்ளன. சில, உப்புகளை உள்ளும் புறமும் செலுத்துகின்றன. சில, அண்டை உயிரணுக்களைப் பிணைக்கின்றன. சில, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்குகின்றன. பீட்டா ஏற்பி என்பது செய்தி வாங்கும் வகை. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அட்ரினலின் அதில் பொருந்தினால் துடிப்பு விரைகிறது. என் மாத்திரையோ அச்சாவித் துளையை அடைத்துக்கொள்கிறது. இவ்வகை மருந்தை 1960-களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபெல் பரிசு பெற்றார்.

எனினும் அப்பூட்டின் வடிவத்தை அந்நாளில் எவரும் கண்டதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஓர் இழை. பீட்டா ஏற்பியாகிய இழை, தையலிட்ட நூல் துணியில் ஏறி இறங்குவதுபோல், சவ்வை ஏழு முறை ஊடுருவுகிறது. இதயத்தில் மிகுந்துள்ள பீட்டா-1 ஏற்பியின் வடிவம், வான்கோழியின் ஏற்பியைக் கொண்டு, 2008-இல் கேம்பிரிட்ஜில் தெளிவாயிற்று.

இத்தகைய வடிவம் சரிதானா என்று சோதிக்கும் அளவுகோல் நம் சென்னையில் பிறந்தது என்பதை அறிவீர்களா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963-இல் அதனை வெளியிட்டனர். புரத இழையின் ஒவ்வொரு கணுவும் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு படம் வரைந்தனர். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவம் கண்டவர், அதனை 'இராமச்சந்திரன் படத்தில்' வைத்துச் சரிபார்க்கிறார்.

ஒரு பூட்டை அறிந்தால் போதுமா? இதய உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் யாவை என்று பட்டியலிடும் பணி இன்னும் முடிந்தபாடில்லை. அவற்றுட் பல, சர்க்கரைத் தொடர்களை ஏந்தி வெளிநோக்கி நிற்கின்றன. அச்சர்க்கரையையே பிடியாகக் கொண்டு ஆய்வாளர் அவற்றைப் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை நிறுக்கும் நுண்கருவியால் இன்னின்னவை என அறிகின்றனர். நலமுற்ற இதயத்தின் பட்டியலையும் நோயுற்ற இதயத்தின் பட்டியலையும் ஒப்பிட்டால், புதிய மருந்து பொருந்தவேண்டிய இடம் புலப்படலாம்.

அன்று நான் உட்காரச் சொன்ன சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இதனைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், தம்பி, உன் வினாவுக்கு விடை இதுதான். காலந்தாழ்த்திச் சொன்னமைக்குப் பொறுத்துக்கொள். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் உட்காரச் சொன்னாலும், வினாவை மட்டும் உட்கார விடாதீர்கள்.