விதி இருக்கிறது, விழி வேண்டும்!

(‘படையில் உடல்நலம் கெட்டவருக்கு நியாயமான ஓய்வூதியம் கிடைக்கப் பெரிதும் தேவை புதிய விதிகளா? பொறுப்பான மனிதர்களா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பொறுப்பான மனிதர்களே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் விதிப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் நண்பர்களே! சாப்பாட்டுத் தட்டோடு எங்களைப் பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன் பேசிய சகோதரி, “புது விதி வேண்டும்” என்று பதினோரு தடவை சொன்னார்கள். நான் எண்ணினேன். எனக்கு வேற வேலை? (சிரிப்பு)

அம்மா, விதி இல்லாமலா சிப்பாய் தவித்தார்? 1982லேயே அருமையான விதிகள் இருந்தன. படையில் சேரும்போது உடம்பைப் பரிசோதிக்கிறார்கள். அப்போது ‘இன்ன நோய் இருக்கிறது’ என்று குறித்து வைக்கவில்லையா? அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் நோயைக் காட்டி வெளியே அனுப்பினால், உடம்பு கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிற மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கிற சுமை சிப்பாய் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலனும் அவருக்கே!

இதைவிட நல்ல விதியை நாம உட்கார்ந்து எழுத முடியுமா? ஆனால் நடந்தது என்ன?

1985இல் சிக்னல் படைப் பிரிவில் ஒருவர் சேர்ந்தார். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை. 1994இல் வலிப்பு நோய், நிரந்தர ஊனம் 20 சதவீதம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊன ஓய்வூதியத்துக்குத் தேவையான அளவும் 20 சதவீதம்தான். கொடுத்தார்களா? “இது உடம்போடு வந்த கோளாறு, பணிக்குச் சம்பந்தமில்லை” என்று மறுத்தார்கள். ஏன் சம்பந்தமில்லை? காரணம் எழுதவில்லை.

பெண் பார்க்க வந்தபோது ஒரு குறையும் சொல்லாமல், ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, “இந்த வியாதி உங்க அம்மா வீட்டுலயே இருந்தது” என்று சொல்கிற மாப்பிள்ளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ‘கொடு’ என்றார். மேல் அமர்வு ‘கொடுக்காதே’ என்றது. கடைசியில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பழைய அந்த விதிகளையே எடுத்துப் படித்து, ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னது. அவர் படையில் இருந்தது 9 வருஷம். வெளியே வந்து இந்த நியாயம் கிடைக்க ஆனது 19 வருஷம்! புது விதியா அவரைக் காப்பாற்றியது? இல்லை ஐயா, இருந்த விதியை ஒழுங்காகப் படித்த மனிதர்கள் காப்பாற்றினார்கள். (கைதட்டல்)

மதுரையிலே கோவலன் செத்தது சட்டம் இல்லாமலா? “உள்ளே இருக்கிற பரல் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அரசி சிலம்பில் முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். திறந்து பார்க்காமல் தீர்ப்பு சொன்னான் பாண்டியன். தவறு தெரிந்ததும் உயிரையே விட்டான். நம்ம ஆபீசில் உயிரெல்லாம் வேண்டாம் சார்... ஒரு பத்தி காரணம் எழுதினால் போதும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் கேட்கிறார்: “பொய் சொல்லிக் கேட்கிறவன் இருக்க மாட்டானா?” இருப்பான். அவனுக்கு மறுங்கள். ஆனால் காரணத்தோடு மறுங்கள். காரணம் எழுத உட்கார்ந்தால்தான் பைலைத் திறந்து பார்ப்போம். பார்த்தால்தான் பொய்யும் தெரியும், மெய்யும் தெரியும்.

இன்னொன்று. ஒருவர் வழக்கில் நீதிமன்றம் திருத்திய தவறை, அதே நிலையில் உள்ள அடுத்தவருக்கு அலுவலகமே திருத்த வேண்டாமா? 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது. சென்னையிலும் அதன் கிளை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ராமநாதபுரத்துக் கிராமத்தில் இருக்கிற முன்னாள் சிப்பாயை, ஏற்கெனவே தீர்ந்த கேள்விக்கு மறுபடி பதில் வாங்க ராத்திரி பஸ் ஏற்றி அனுப்புவது நியாயமா? எல்லையில் நின்ற கால், கோர்ட்டு வராந்தாவிலும் நிற்க வேண்டுமா?

2023இலும் புது விதிகள் வந்தன. வரட்டும். விதி என்பது கண்ணாடி மாதிரி. கண்ணைத் திறக்காதவனுக்குக் கண்ணாடியை மாற்றி என்ன பயன்? கையெழுத்துப் போடும் முன் அந்தப் பைலில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதைப் பார்க்கிற பொறுப்பான மனிதர்களே தேவை என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)