விட்ட இடத்திலிருந்து மீண்டும் கற்போம்



சிங்கப்பூரின் வடகிழக்கே செங்காங் என்னும் நகர் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்திற்குள் அங்கே சென்றுவிடலாம். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ள அவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நிலம் மாறிவிட்டது. நிலத்தில் உழைத்தவர்கள் புதிய தொழிலுக்கு மாறக் கல்வி வேண்டும். இளமையில் கல்வி வாய்க்காதவர்கள் அதை எவ்வாறு பெறுவது? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

‘எனக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது முழு உண்மையன்று. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஓரினத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. பள்ளிகள் வந்தன. ஆயினும் பல தோட்டங்களில் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். விடியற்காலையில் பெற்றோருக்குத் துணையாகப் பால்வெட்டுக்குச் சென்று, களைப்போடு வந்து அமர்ந்த பிள்ளைக்கு எழுத்து மனத்தில் பதியவில்லையென்றால், அது பிள்ளையின் அறிவுக் குறையாகுமா?

சிங்கப்பூரிலும் பள்ளியைப் பாதியில் விட்ட தொழிலாளர்கள் ஏராளமாக இருந்தனர். அவர்களுக்காக 1983இல் ‘பெஸ்ட்’ என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலமும் கணிதமும் ஆரம்பப் பள்ளி ஆறாம் வகுப்பு நிலை வரை கற்பிக்கப்பட்டன. பாடங்கள் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால், வேலை செய்துகொண்டே படிப்படியாக முன்னேற முடிந்தது. 1987இல் ‘வைஸ்’ என்னும் திட்டம் உயர்நிலைக் கல்விக்கு வழிவகுத்தது. 2016 முதல் 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்திற்காக 500 வெள்ளி வழங்கப்பட்டது. 2024இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி ஒதுக்கப்பட்டது. நாற்பது வயதிலும் மனிதன் கற்பான் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

பணத்தினும் பெரிய தடை ஒன்றுண்டு. அது வெட்கம். ‘பேரப்பிள்ளை படிக்கும் பாடத்தை நான் படிப்பதா?’ என்று மனம் கூசும். பழைய பிரம்படியும் ஏளனச் சொல்லும் நினைவுக்கு வரும். ஆனால் முதியோர் வகுப்பில் நம் அருகே அமர்பவரும் நம்மைப் போன்றவரே. மேலும், நாம் வெறுங்கையோடு அங்கே செல்வதில்லை. பாலின் எடையும் நாட்கூலியும் கணக்கிட்டுப் பழகிய நமக்குக் கணிதம் முற்றிலும் அந்நியமன்று. அதை எழுத்தில் கற்றுக்கொண்டால், சம்பளச் சீட்டில் உள்ள வரவையும் கழிவையும் பிறர் துணையின்றி நாமே சரிபார்க்கலாம்.

ஆகவே, எங்கே விட்டோமோ அங்கிருந்தே தொடங்குவோம். நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். கற்க விரும்பும் மனைவியைக் கணவன் தடுக்காமல், அந்நேரத்து வீட்டு வேலையைத் தான் ஏற்கட்டும்.

பழகாத கை ஆழமாக வெட்டினால் மரத்தின் பட்டை காயப்பட்டு முடிச்சிடுகிறது. அதற்காக நாம் மரத்தைச் சாய்ப்பதில்லை. மறுபக்கத்தில் புதிய வெட்டைத் தொடங்குகிறோம். மரத்திற்குக் காட்டும் பொறுமையை நமக்கும் காட்டுவோம்.