அஞ்சிய நாயும் அதன் துணையும்



திருவண்ணாமலை மாவட்டத்திலே, செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழைமை உடையது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு உயிர்விட்ட வீரன் ஒருவனுக்கு நட்ட கல் அது. அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்து, அது காவல் நின்றது என்று கல்வெட்டுக் கூறுகிறது. அந்த நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது என்றால் வியப்பல்லவா?

வீரமுள்ள நாய்க்கு நம் முன்னோர் கல் நட்டார்கள். அஞ்சி ஒடுங்கும் நாயைக் கண்டால் நம் தெருப் பிள்ளைகள் கல்லை எடுத்து எறிகிறார்கள். இந்த இரண்டாவது நாயைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

எடுத்தனூருக்குக் கிழக்கே, செஞ்சிக் கோட்டையையும் கடந்து வந்தால் பனமலை என்னும் ஊரை அடையலாம். அதே பல்லவர் மரபில் வந்த இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் அங்கே குன்றின்மேல் நிற்கிறது. உமையம்மையின் பழைய ஓவியத்தைக் காண்பதற்காகப் பலர் அந்தக் குன்றில் ஏறுகிறார்கள். நாம் இப்போது குன்றில் ஏற வேண்டாம். கீழே வயற்காட்டில் நிற்போம். செஞ்சி வட்டாரத்துக் கிணறுகள் அகன்றவை. பாறையைக் குடைந்து வெட்டியவை. பலவற்றிற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கோடையில் நீர் தேடிவந்த நாயொன்று அத்தகைய கிணற்றில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகலும் ஓர் இரவும் அது பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடந்தது. தீயணைப்புப் படையினர் கயிற்றில் இறங்கி வலையிட்டுத் தூக்கினர். கல்லூரி மாணவர் ஒருவர் இரக்கப்பட்டு அதைத் தம் வீட்டிற்குக் கொண்டு சென்றார்.

உடலுக்கு மீட்பு கிடைத்தது. ஆனால் நாயோ வண்டிக்கடியில் புகுந்தது, வெளியே வரவில்லை. சோறு வைத்தார்கள், தொடவில்லை. வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. காதுகள் பின்னே படிந்தன. உறக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டது. உணவு இல்லாமலே உதட்டை நக்கிக்கொண்டது. இவையெல்லாம் அச்சத்தின் குறிகள். மூன்றாம் நாள் வீட்டிலுள்ளோர், “உயிரைக் காப்பாற்றியும் கிட்ட வரவில்லையே, நன்றிகெட்ட நாய்!” என்று சொல்லத் தொடங்குவார்கள். நாயைத் தெருவில் விடுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அந்த நாளில்தான் பிறக்கிறது. பல நாய்களின் வாழ்வு அங்கேதான் முடிவாகிறது.

இந்த நாய்க்கு நேர்ந்தது என்ன? இதை ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே கண்டிருக்கிறார்கள். 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் உருசிய நாட்டின் லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம் புகுந்தது. புகழ்பெற்ற உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கு உரிய நாய்கள் அங்கே கொட்டில்களில் இருந்தன. புயலும் அலையும் மோதும் நேரத்தில் அந்த நாய்களை நீரில் நீந்தச்செய்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சேர்த்தார்கள். பிறகு வழக்கமான சோதனைகளைத் தொடங்கியபோது, சில நாய்கள் கற்றவற்றை இழந்திருந்தன. மணியோசை போன்ற குறிகளுக்கு எச்சில் ஊறிய நாய்களே முன்வைத்த உணவையும் ஒதுக்கின. சுபெரான்சுகி என்ற ஆராய்ச்சியாளர் அவற்றுள் ஒரு நாயைத் தொடர்ந்து கவனித்து வந்தார்.

வழக்கமாக நாய் ஓர் அறையிலும் ஆராய்ச்சியாளர் மற்றோர் அறையிலும் இருப்பார்கள். இப்போது அவர் நாயின் அறையிலேயே உடன் இருந்தார். அவர் உடனிருந்தபோது, இழந்த பழக்கங்கள் திரும்பத் தொடங்கின! மருந்து கொடுக்கவில்லை, அதட்டவும் இல்லை. அறிமுகமான ஒருவர் அருகே இருந்தார், அவ்வளவுதான். பாவ்லோவின் ஆராய்ச்சிகளில் மணியோசையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தச் செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆகவே பனமலை மாணவர் முதலில் செய்யவேண்டியது, அருகே இருப்பது. அருகே என்றால் எவ்வளவு அருகே? அதை நாய்தான் அறுதியிட வேண்டும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

வண்டிக்கடியே அது தேர்ந்துகொண்ட இடமானால், அங்கேயே ஒரு சாக்கை விரியுங்கள், தண்ணீர் வையுங்கள். இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அது தப்பி ஓடாதபடி வாயிற்கதவைச் சாத்திவையுங்கள். அஞ்சிய நாய் ஓடினால் திரும்பி வருவது அரிது. பிறகு பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் நோக்க வேண்டாம். நாய்களின் வழக்கத்தில் அது அறைகூவல். பாடப் புத்தகத்தை எடுத்து மெல்லிய குரலில் படியுங்கள். உங்கள் பாடமும் நடக்கும். நாய்க்கு உங்கள் குரலும் பழகும். எழுந்து செல்லுமுன் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்றை அதன் பக்கமாக எறிந்துவிட்டுச் செல்லுங்கள். அது தின்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நாளும் அதே நேரத்தில், அதே இடத்தில் இதைச் செய்யுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அஞ்சிய உயிருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

நாய் உணவைத் தின்ன மறுத்தால் நீங்கள் உட்கார்ந்த தொலைவு மிகக் குறைவு என்று பொருள். இன்னும் தள்ளி உட்காருங்கள். நீங்கள் இருக்கும்போதே தின்னத் தொடங்கினால் மறுநாள் அரையடி நெருங்கலாம். இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. லெனின்கிராடில் வெள்ளம் வந்த அதே 1924-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மேரி கவர் சோன்சு என்ற பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலைக் கூண்டில் வைத்துத் தொலைவில் காட்டினார். சிறிது சிறிதாக அண்மையில் கொண்டுவந்தார். முடிவில் பீட்டர் ஒரு கையால் முயலைத் தடவிக்கொடுத்தான். குழந்தைக்கு ஏற்றது நாய்க்கும் ஏற்றது. தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய்க்கும் இதுவே வழி: வெடியோசையைப் பதிவு செய்து, கேட்டும் கேளாததுமாய் ஒலிக்கவிட்டு உணவு கொடுங்கள், பல நாளில் ஓசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆனால் இதைத் தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கிப் பயனில்லை.

நாய் தானே வந்து உங்களை மோந்து பார்க்கும் நாள் வரும். அப்போது கையை அதன் தலைக்குமேல் கொண்டுபோகாதீர்கள்; மார்புப் பக்கமாக மெல்லத் தடவி, உடனே நிறுத்துங்கள். மேலும் வேண்டுமென்றால் அது நெருங்கி நிற்கும். கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டுத் தெருநாய்களை ஆராய்ந்து 2017-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாதவர் நாள்தோறும் உணவு தருவதைக் காட்டிலும், அன்போடு தடவிக்கொடுப்பதனாலேயே அந்நாய்களின் நம்பிக்கை மிகுதியாக வளர்ந்ததாம். ‘அஞ்சும் நாயைத் தடவினால் அச்சம் வளரும்’ என்று சிலர் சொல்வார்கள். அது உங்களை நாடி வந்தபோது தடவுவதால் ஒரு தீங்கும் இல்லை. அடிப்பதுதான் தீங்கு. உறுமும் நாயை அடித்தால் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பிறகு உறுமாமலே கடிக்கும்.

கடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீட்ட நாயை முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பல்லோ நகமோ பட்டுக் கீறினால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. சிறுவர் பெரியோர் துணையின்றி இதில் இறங்கவே கூடாது.

எல்லா நாயும் முழுமையாகத் தேறிவிடுமா? அப்படிச் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் பார் ஆர்பர் என்னும் ஊரில், நாய்க்குட்டிகளை மனிதர் பழக்கமின்றி வேலிக்குள் வளர்த்துப் பார்த்தார்கள். 5 முதல் 9 வாரத்திற்குள் மனிதரோடு ஒரு வாரம் பழகிய குட்டிகள் பின்னரும் இணங்கின. 14 வாரம்வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்குபோல் ஆயின. 1961-இல் வெளிவந்த ஆய்வு அது. நாம் மீட்கும் நாயின் இளமை எப்படிக் கழிந்தது என்று யார் அறிவார்? குட்டியிலேயே மனிதர் கையை அறியாத நாய்க்கு வாரங்கள் போதா; மாதங்கள் ஆகும். துணிவுள்ள மற்றொரு நாய் வீட்டில் இருந்தால் அதைப் பார்த்து இது விரைவில் தேறும்.

தேறிய நாயிடமும் பழைய வடு இருக்கும். லெனின்கிராட் நாய் தெளிந்தபின் ஒருநாள் கதவின்கீழாகச் சிறிது நீரை அறைக்குள் ஓடவிட்டார்கள். உடனே அது துள்ளி எழுந்தது. தரையையே வெறித்து நோக்கியது. மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகையால் பனமலை நாய் வீடெங்கும் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தாலும், கிணற்றங்கரைக்கு மட்டும் வர மறுக்கலாம். அதை அங்கே இழுத்துச் சென்று துணிவைச் சோதித்துப் பார்க்காதீர்கள். வயலுக்குப் போகக் கிணற்றைச் சுற்றிய வேறு வரப்பு இருக்கும். அந்த வரப்பிலே நீங்களும் அதனோடு நடந்து செல்லலாம்.