காக்காவின் வளவுத் தென்னை



அண்மையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தென்னை தறிக்கப்பட்டது. கல்முனையில் தென்னை தறிப்பது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்தியல்லத்தான். பெரியநீலாவணையிலிருந்து காரைதீவு வரை பஸ்ஸில் வருகிறவர்கள், முன்பு தென்னந்தலைகளைக் கண்ட இடங்கள் பலவற்றில் இன்று மேல்மாடிச் சுவர்களையும் தண்ணீர்த் தாங்கிகளையுமே காண்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு மரத்தைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது.

மரம் என்கிறேன். தொல்காப்பியர் கேட்டால் திருத்துவார். மரபியலில் அவர் வகுத்த முறைப்படி உள்ளே வயிரம் உடையதுதான் மரம். வெளியே வயிரம் உடையது புல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் கமுகும் புல்லினம். மாணவனாக இதைப் படித்தபோது சிரித்திருக்கிறேன். அறுபது அடி உயரத்தில் ஒரு புல்லா! பின்னர் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். வேம்பும் பூவரசும் மாறிழையத்தினால் ஆண்டுதோறும் பருக்கின்றன. தென்னைக்கு அந்த மாறிழையம் கிடையாது. அதன் உறுதி தண்டின் புறத்தே இருக்கிறது. வளரும் முனையோ உச்சியில் ஒன்றே ஒன்று. பூவரசை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். தென்னையின் தலையை வெட்டினால் அத்தோடு சரி.

புல்லின் உறுப்புகளாகத் தொல்காப்பியர் சொல்லும் சொற்களை ஒருநாள் உயர்தர வகுப்பிற் கரும்பலகையில் எழுதினேன். தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை. பொருள் கேட்டேன். தோடு காதில் போடுவது, மடல் கலியாண அழைப்பு, ஏடு பழைய புத்தகம், இதழ் சஞ்சிகை என்றார்கள். பிழையில்லை. ஓலையைச் சுருட்டிக் காதில் இட்டதால் தோடு, ஓலையில் எழுதியதால் ஏடும் மடலும். பாளை என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. மருதமுனையிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் எழுந்து, "எங்கட உம்மும்மா சொல்லுவா சேர்" என்றாள். என்ன சொல்லுவார் என்பது அவளுக்கு நினைவில்லை.

எங்கள் பக்கத்து வளவுக் காக்காவின் வாப்பா நட்டது அந்தத் தென்னை. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் மட்டக்களப்பு முதல் இந்தக் கரை நெடுக எண்ணற்ற தென்னைகள் ஓரிரவில் விழுந்தன. நான் அப்போது பிறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது வானம் பெரிதாகிவிட்டிருந்தது என்று அம்மா சொல்லுவார். காக்காவின் வளவில் எஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் நேராக நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

என் சிறுவயதில் இரண்டு வளவுக்கும் இடையே கிடுகு வேலி. அதில் ஓர் இடைவெளி. அதனூடாக நோன்புக் கஞ்சி வந்தது, பொங்கல் போனது. 1990 இற்குப் பின்னர் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இடங்களில் வேலிகள் பல மதில்களாயின. எங்களுடையதும் ஆயிற்று. யாரும் யாரோடும் கோபிக்கவில்லை. மதில் மட்டும் எழுந்தது. அதன் பின்பு எல்லையைத் தாண்டி நின்றது அந்தத் தென்னைதான்.

இனி, தென்னைகள் ஏன் போகின்றன என்ற கதைக்கு வருகிறேன். எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழமை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. நிலமோ கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையில் ஒரு நாடா. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 இற்கும் மேல். தென்னையைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தவர்களும் இக்கரையில் உண்டு. 2005 இல் கிழக்கே கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அந்த எல்லையைக் குறைத்தார்கள். அதற்குள் ஊர் உள்நோக்கி நெருங்கிவிட்டது. ஐந்து பேர்ச், ஆறு பேர்ச் துண்டுகளில் வீடு எழும்பும்போது ஒரு தென்னைக்கு இடம் எங்கே? மகளா மரமா என்றால் எந்தத் தகப்பன் மரத்தைச் சொல்வான்? நானும் ஒரு பெண்பிள்ளையின் தகப்பன்தான்.

காக்காவும் அதைத்தான் சொன்னார். "இளையவளுக்கு ஊடு ஒண்டு போடணும் சேர். மரம் எடஞ்சலா நிக்கிது."

தறிக்கும் நாளன்று நான் மேல்மாடியில் நின்று பார்த்தேன். ஓர் இளைஞர் கயிற்றோடு ஏறினார். முதலில் மட்டைகள், பிறகு குலைகள், பிறகு தலை. தலை இறங்கியபின் வெறும் தண்டு சற்று நேரம் ஆடியது. பின்னர் மெசின் வாளால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. மாலையில் காக்காவின் மகள் வாழையிலையில் தென்னங்குருத்துக் கொண்டுவந்து தந்தாள். வெள்ளை வெளேரென்று, பால் வாசத்தோடு, மெல்லிய இனிப்பு. என் மனைவி பாதியைச் சம்பலாக்கினாள். மீதியைப் பிள்ளைகள் பச்சையாகவே தின்றார்கள்.

இந்தப் பேச்சை எழுதத் தொடங்கியபோது அந்தக் குருத்தோடு முடித்துக்கொள்ள எண்ணியிருந்தேன். மூன்று நாள் கழித்து அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த மேசனாரிடம், "மரம் நின்ற இடத்திலா அறை வருகிறது?" என்று சும்மா கேட்டேன்.

"இல்ல சேர். மரம் அத்திவாரத்துக்கு வெளியில அஞ்சடி தள்ளித்தான் நிண்டது. பக்கத்து சேருக்கு நெடுகக் கரைச்சல், எடுத்துடுவம் எண்டு அவர்தான் சொன்னார்."

நேயர்களே, நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் தென்னையின் தேங்காய் விழுந்து எங்கள் கூரைச் சீற் இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் காக்கா பணம் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். மரம் ஏறுகிறவர்கள் குறைந்துபோனதால் காய்கள் முற்றித் தாமாகவே விழுந்தன. மூன்றாம் முறை முற்றத்தில், என் மகள் நின்ற இடத்துக்குச் சற்று அப்பால் விழுந்தது. அன்று நான் மதிலருகே நின்று உரத்த குரலில் பேசினேன். காக்கா பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

மூதுரையில் ஔவையார் நன்றிக்கு உவமையாகக் காட்டுவது தென்னையை. அடியால் உண்ட நீரைத் தலையால் தருகிறது என்பார். வரும் தவணையில் எட்டாம் ஆண்டுக்கு அந்த வெண்பாவை நான் படிப்பிக்க வேண்டும்.

நேற்று மாலை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். காக்கா மணல் அரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "இப்ப நல்ல வெளிச்சமா இரிக்கி என்ன சேர்?" என்றார்.

"ஓம் காக்கா" என்றேன்.