பீரோ சாவி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். 1734-ல் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை. கூவத்தைத் தாண்டி நடந்தால் எழும்பூரில் கன்னிமாரா நூலகம், 1896-லிருந்து இருக்கிறது. ஆனால் நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ. ஐந்து வருஷமும் கண்ணாடி வழியே தலைப்புகளை மட்டும்தான் படித்தேன்.

பிறகு நானே வாத்தியாரானேன். என்னிடமும் ஒரு பீரோ சாவி வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பூட்டித்தான் வைத்தேன். ஸ்டாக் வெரிபிகேஷனில் ஒரு புத்தகம் குறைந்தாலும் நம்ம கைக்காசு போகுமே என்ற பயம்!

ஒருநாள் மதிய இடைவேளையில் தூசி தட்டப் பீரோவைத் திறந்தேன். அப்பாவை இழந்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் வந்து நின்றான். பறவைகள் பற்றிய படப் புத்தகத்தை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். மறுநாளும் வந்தான். இரண்டு வாரம் கழித்து, "சார், தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்ட யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டான். அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மழையில் நனைந்துவிட்டது. பயந்துபோய் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. வீடு தேடிப் போய், "புத்தகம் போனா போகுது, நீ வாடா" என்றேன். அன்றிலிருந்து பீரோவைப் பூட்டவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் ஐந்து நூலக விதிகளை எழுதினார். முதல் விதியே, புத்தகங்கள் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. 2010-ல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. எல்லாம் பெருமைதான். ஆனால் குழந்தை தினமும் போவது பள்ளிக்கூடத்துக்கு. மார்க் கேட்காத ஓரிடம் அங்கேயே அதற்கு வேண்டும்.

ஆகவே நண்பர்களே, அவரவர் படித்த பள்ளிக்கு இன்னொரு பீரோ வாங்கித் தராதீர்கள். தொலைந்த, கிழிந்த புத்தகங்களுக்கு ஈடுகட்ட ஒரு சிறு நிதி வையுங்கள்; ஆசிரியரின் பயம் போகும். தம்பி தங்கைகளே, வாரம் ஒரு மதியம் அங்கே போய் உட்காருங்கள். கதவு திறந்திருந்தால் பிள்ளைகள் தாமாக வருவார்கள்.