ஏஜென்சி போன பிறகு மிஞ்சியது



கார் ஏஜென்சி ஒரு விசித்திரமான சொத்து. விற்கிற வண்டியைச் செய்தவர் வேறொருவர். வாசலில் தொங்கும் பலகையில் இருப்பதும் அவர் பெயர். அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது அதன் மறைமலைநகர் ஆலையைப் பற்றி நிறையப் பேசினோம், பேசவும் வேண்டும். அந்தப் பலகையை நம்பிக் கடன் வாங்கி ஷோரூம் கட்டிய குடும்பங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அப்படியானால், ஏஜென்சி நடத்தும் குடும்பம் தன் பிள்ளைகளிடம் எதைத்தான் ஒப்படைக்கிறது? இதை இந்தப் பட்டமளிப்பு மேடையில் கேட்கக் காரணம் உண்டு. நீங்கள் இன்று வாங்கப்போகும் பட்டமும் ஓரளவு ஏஜென்சிதான். அதன் மதிப்பு இப்போதைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து வருகிறது; உங்களிடமிருந்து இனிமேல்தான் வர வேண்டும். என் வாதம் இது: ஏஜென்சியைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. விற்ற பொருளுக்கு விற்ற பிறகும் பொறுப்பேற்றதால் கைவந்த தொழிலறிவை மட்டுமே ஒப்படைக்க முடியும். மதுரை டி.வி.எஸ். குடும்பத்தின் வரலாற்றை இதற்குச் சாட்சியாக வைக்கிறேன்.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீலாக இருந்து, ரயில்வேயில் வேலை பார்த்து, வங்கியிலும் இருந்துவிட்டு, 1911-ல் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கினார். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் ஏஜென்சி வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். வண்டியை விற்பதற்கு முன்பே அதை ஓட்டிப் பிழைத்தவர் அவர். செம்மண் சாலையில் ஸ்பிரிங் பட்டை எப்போது முறியும், எந்த உதிரிபாகம் கையிருப்பில் இல்லாவிட்டால் பஸ் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குச் சொந்த நஷ்டக் கணக்கில் தெரிந்திருக்கும். அந்தப் பஸ்களைப் பார்த்துக் கடிகாரத்துக்கு நேரம் வைக்கலாம் என்று மதுரைப் பக்கத்தில் சொல்வார்கள். ஷோரூமில் எத்தனை விளக்கு போட்டாலும் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. ராத்திரியில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். புது வண்டி வரத்தும் சுருங்கியது. விற்பனை மட்டுமே தெரிந்தவர் அப்போது கடையைச் சாத்தியிருப்பார். டி.வி.எஸ். கரிவாயுக் கருவியைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. அன்றைய கரி பஸ்ஸைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். உயரமான இரும்பு உருளை ஒன்றை வண்டியில் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை நிரப்பி, மூட்டி, விசிறி சுற்றிக் கனல வைக்க வேண்டும். காற்றை அளவாக விட்டால் கரி முழுதாக எரியாமல் எரிவாயுவாகும். அதைக் குளிரவைத்து, சாம்பல் தூசியை வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். வடிகட்டல் சரியில்லை என்றால் சிலிண்டர் தேய்ந்துபோகும். மேடு வந்தால் வண்டி திணறும். ஆனாலும் ஓடியது. எஞ்சினை எத்தனையோ முறை பிரித்துப் பூட்டிய பட்டறையால்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

அடுத்த அடி இன்னும் பெரியது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ், பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் வேண்டும் என்று அரசு வற்புறுத்தியதும் 1954-ல் வெளியேறியது. ஃபோர்டும் அதே காலத்தில் போனது. அந்த 1954-ல்தான் சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரிக்காரருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கிய காலம். ஒரு லாரி மாதம் எவ்வளவு சம்பாதிக்கும், எத்தனையாவது வருடம் செலவு வைக்கும் என்று அறிந்தவருக்கு அந்தத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு சுந்தரம் ஐயங்கார் காலமானார். பிறகு வந்தவை 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும். சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் அடிக்கடி கழற்றி மாட்டும் சாமான்கள் எவையோ அவையே தொழிற்சாலைகளாயின. 1972-ல் பஸ்களும் போயின. நாட்டுடைமையான அந்தப் பஸ்களைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தொடங்கிய தொழிலே கைவிட்டுப் போன பிறகும் குடும்பம் நிலைத்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அன்று இறக்குமதிக்குத் தடை; லைசென்ஸ் இல்லாமல் யாரும் போட்டிக்கு வர முடியாது. யார் செய்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்பார்கள். வெளிநாட்டுக் கூட்டாளிகளின் தொழில்நுட்பமும் கைகொடுத்தது. இதை மறுக்கமாட்டேன், அந்தப் பாதுகாப்புச் சுவர் இல்லாமல் இந்தத் தொழிற்சாலைகள் எழுந்திருக்குமா என்பது எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதே சுவருக்குள்தான் அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களும் இருந்தன. 1991-க்குப் பிறகு சுவர் சரிந்தபோது பத்மினி நின்றுபோனது. அம்பாசடரும் 2014-ல் நின்றது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவோ 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல்முறை. பாதுகாப்பு அவகாசம் தந்தது உண்மை. அந்த அவகாசத்தில் கற்றவர் யார், கற்காதவர் யார் என்பதைப் பாதுகாப்பால் விளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குடும்பத் தொழில் என்றால் பிறப்பால் நாற்காலி; இங்கே அமர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதில் என்ன இருக்கிறது? நியாயமான கோபம். சுந்தரம் ஐயங்காரின் மகன்கள் கம்பெனிகளை நடத்தினார்கள். மகள் சௌந்தரம் மருத்துவரானார், 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தை நிறுவினார், பின்னர் மத்திய அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார். அவ்வளவு பெரிய நிர்வாகத் திறமை வளர்ந்த இடம் குடும்பக் கம்பெனிக்கு வெளியே இருந்தது. ஆரதி கிருஷ்ணா, லட்சுமி வேணு போன்ற பெண்கள் நிர்வாக இயக்குநர்களாக வர நான்காம் தலைமுறை வரை ஆயிற்று. பிறப்பு நாற்காலியைத் தருகிறது, தகுதியைத் தருவதில்லை என்பதை அந்தக் குடும்பமே 2022-ல் ஒருவகையில் ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றுகிறது. பொதுவில் இருந்த பங்குகளைப் பிரித்தபோது, எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்திவந்ததோ அதன் உடைமை அந்தக் கிளைக்கே போனது. பாகப்பிரிவினையை வீழ்ச்சி என்று பேசுவது நம் வழக்கம். உழுதவனுக்கே நிலம் என்பது போன்ற இந்தப் பங்கீட்டை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஏஜென்சி போன பிறகு மிஞ்சியது எது என்பதற்குக் கடைசியாக ஒரு சின்னச் சாட்சி: உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேடியேட்டர் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம். நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதித்துவிடாதபடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் லிவர்பூல் மூடித் தொழிற்சாலையை விற்றபோது, இயந்திரங்களை வாங்கிக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தது இக்குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ். அதன் பிறகு ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடி செய்து அனுப்பி, அந்த நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதைத் திரும்பத் திரும்ப வாங்கியது. தாத்தா யாருடைய ஏஜெண்டாக இருந்தாரோ, அவர்களுக்கே பேரன் காலத்தில் மதுரைக் குடும்பத்தின் சரக்கு போனது.