பழகிய கையும் மாறிய திரையும்
(உத்தமபாளையத்தில் விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரை நம்பியிருக்கிறது. அணையில் நீர் போதிய அளவு நிற்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி மதகு திறக்கப்படுகிறது. அந்த நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. நேற்றுவரை ஓரிடத்தில் இருந்த மடையை இரவோடிரவாக எதிர்க்கரைக்கு மாற்றிவிட்டு, "இதுதான் அழகு, பழகிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் இதை நாம் வாய் திறவாமல் ஏற்றுக்கொண்டு வருகிறோம்.

கம்பத்துக்கு அருகே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். எழுபதைக் கடந்தவர். உரம், கூலி, மருந்துச் செலவு, வியாபாரி தரவேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பேரன் கற்பித்தபடி கம்ப்யூட்டரில் பதிந்து வந்தார். அவர் கற்றது இடத்தை வைத்துத்தான்: மேல் வரிசையில் இரண்டாவது பெயர், அதன் கீழே மூன்றாவது வரி என்று. ஒரு நாள் காலை அந்தப் பெயர் வரிசையே காணோம். சின்னஞ்சிறு படங்கள் வந்திருந்தன. கணக்கு அழிந்துவிட்டது, அழித்தவர் தாமே என்று எண்ணிப் பயந்து, எவரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடிவைத்தார். அந்த அறுவடைக்கு வியாபாரி சொன்ன பாக்கியையே சரியென்று வாங்கிக்கொண்டார். விடுமுறைக்கு வந்த பேரன் திறந்து பார்த்தபோது கணக்கு அப்படியே இருந்தது. வாங்கிய தொகைதான் குறைவாக இருந்தது.

இத்தகைய மாற்றங்கள் புதியவை அல்ல. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2007-இல் பழைய பெயர் வரிசைகள் போய்ப் படப்பட்டை வந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, இடது மூலையிலிருந்த 'ஸ்டார்ட்' பொத்தான் நீக்கப்பட்டது. உலகெங்கும் குறை எழுந்ததால் மறு ஆண்டே அது திரும்ப வைக்கப்பட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதனை நடுவுக்கு நகர்த்திற்று. இளைஞன் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். முதியவரோ தவறாக அழுத்தினால் ஏதேனும் கெட்டுவிடுமோ என்று கையை எடுத்துவிடுகிறார். வெளிறிய மெல்லிய எழுத்தை மங்கிய கண்ணால் படிப்பதும் எளிதன்று.

அதற்காகப் பழையதையே பிடித்துக்கொண்டிருங்கள் என்று நாம் கூறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 அன்று நின்றுவிட்டன. திருத்தம் பெறாத கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்கைத் திறப்பது அபாயம். பூட்டைப் பழுது பார்ப்பதும் வாசலை இடம் மாற்றுவதும் ஒரே மூட்டையில் வருவதுதான் நம் குறை. இரண்டையும் பிரிக்க முடியாததா? லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருள் 2019-இல் புதிய தோற்றத்தை அளித்தபோது பழைய தோற்றத்தையும் விட்டுவைத்தது. வேண்டியவர் வேண்டியதை வைத்துக்கொள்கிறார்.

பஞ்சாயத்துக் கணக்கிலும் இதே அனுபவம் உண்டு. முன்பு பிரியாசாப்ட் முதலிய தனித்தனி மென்பொருள்களில் நடந்த வேலைகள் 2020 ஏப்ரலில் இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஒரே ஏற்பாட்டில் சேர்க்கப்பட்டன. ஒன்றாக்கியது நல்லதே. ஆயினும் வயதான எழுத்தர் ஒருவர் மாறிய திரையின் முன் தடுமாறினால் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் ஒருவரை உட்காரவைத்து, பெரியவரின் கையாலேயே ஒரு பதிவை முழுவதும் செய்யவிடுங்கள். நாம் செய்து காட்டிவிட்டு எழுந்து போவதால் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. விண்டோஸ் 11-இல் அமைப்புகளுக்குள் சென்று, கீழ்ப்பட்டையின் பொத்தான்களை மீண்டும் இடப்பக்கம் வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். இளைஞர்கள் இதைச் செய்து கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். நாம் சொன்ன பெரியவர் இப்போது மறுபடியும் கணக்கு எழுதுகிறார். மாதக் கடைசியில் பாக்கித் தொகையை மட்டும் நோட்டுப் புத்தகத்திலும் குறித்து வைக்கிறார். அவ்வாறு செய்யும்படி நாம்தான் சொன்னோம்.